ஆல்டோ வரிசையில் ஒரு விசில்

பின்கதவை யாரோ தட்டினார்கள். பல் டாக்டர் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளினிக்கின் பின்கதவைத் தட்டுபவர்கள் இரண்டே ரகம். வலி பொறுக்காதவர்கள், அல்லது முன்கதவு தங்கள் கௌரவத்துக்குக் குறைச்சல் என்று நினைக்கும் சொந்தக்காரர்கள். அன்றைக்கு அவள் எந்த ரகத்தையும் பார்க்கும் மனநிலையில் இல்லை. சுத்தமாக இருந்த கருவிகளையே எடுத்து மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள். கோபம் வந்தால் சிலர் பாத்திரத்தை உடைப்பார்கள். அவளுக்குக் கழுவத்தான் வரும்.

தட்டல் மறுபடி வந்தது. மூன்று தட்டு, ஓர் இடைவெளி, மூன்று தட்டு. இடைவெளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இவ்வளவு சுத்தமான தாளத்தில் கதவைத் தட்டக்கூடிய ஆள் அந்த ஊரில் ஒருவர்தான். அந்த ஒருவருடைய முகத்தை மட்டும் இந்த ஜென்மத்தில் பார்க்கக் கூடாது என்று அவள் வெள்ளிக்கிழமைதான் முடிவு செய்திருந்தாள்.

திறந்தாள்.

பாடகர் குழுவின் மாஸ்டர் நின்றிருந்தார். மாலை ஆராதனைக்கான கறுப்புக் கோட்டு, பட்டு டை, பாலிஷ் மின்னும் ஷூ. கழுத்து வரைக்கும் ஒரு மகாராஜா. அதற்கு மேலே, கைக்குட்டையால் வாயை அழுத்திப் பிடித்திருந்த ஒரு திருடன்.

“தாக்தர், ஒரு தின்ன பிரத்தனை” என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து.

அவளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. சின்னப் பிரச்சனை. மாஸ்டரின் வாயிலிருந்து ‘ச’ காணாமல் போயிருந்தது. உச்சரிப்புக்குப் பேர்போன மனிதர். பாட்டில் யாராவது ஓர் எழுத்தை விழுங்கிவிட்டால், காணிக்கைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டதைப் போல் பார்ப்பவர்.

‘உள்ளே வாங்க’ என்று அவள் சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. அதற்கு மேல் அவளால் அப்போது முடியவில்லை.

சில மாதங்களாகப் பாடகர் குழுவில் ஒரு விசில் கேட்டுக்கொண்டிருந்தது. ‘ச’ வரும் இடங்களிலெல்லாம், கெட்டிலில் தண்ணீர் கொதிக்கத் தொடங்குவதுபோல மெல்லிசாக ஓர் ஊதல். யார் என்று தெரியவில்லை. எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்பட்டார்கள். அன்போடுதான், முதுகுக்குப் பின்னால் மட்டும். இந்த நிலையில் ஞாயிறு மாலை ஆராதனைக்குப் பேராயர் வருகிறார் என்று உறுதியானது. மாஸ்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த ஆராதனைக்கென்று அவரே ஒரு பாட்டு எழுதி, அவரே மெட்டமைத்து, தனிக்குரல் பகுதியை அவரே பாடுவதென்று அவரே ஏகமனதாகத் தீர்மானித்திருந்தார். ‘சுடரே, சுகமே, சொல்லரும் செல்வமே, சோர்ந்தோர் சுனையே’ என்று ஆரம்பம். விசிலுக்கு அதைவிட வசதியான பாட்டு அமையாது.

எனவே வெள்ளிக்கிழமை ஒத்திகையில் விசாரணை நடந்தது. மாஸ்டர் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொருவரையும் தனியாகப் பாடச் சொல்லி, வாயருகே காதைக் கொண்டுபோய்க் கேட்டார். சுருதி விலகிவிடக் கூடாதே என்று கூடவே தானும் மெல்ல முனகினார். பெண்களில் தாழ்குரல்காரர்கள் பாடும் ஆல்டோ பகுதி கொஞ்சம் சிரமம். அதனால் அந்த வரிசைக்கு வந்தபோது மட்டும் முனகலை விட்டுவிட்டு, வாயைத் திறந்து முழுக்குரலில் கூடப் பாடினார். விசில் ஜோராகக் கேட்டது. அவர் எதிரே அந்த நேரத்தில் நின்றிருந்தவள் பல் டாக்டர்.

“நீங்க இறங்கிக்கங்க.”

“எங்க மாஸ்டர்?”

“மேடையிலேருந்து.”

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வாரத்திலிருந்து அவள் நின்ற இடம் அது. இரண்டு பிரசவத்துக்கும் மாமனார் சாவுக்கும் தவிர அந்த இடம் காலியாக இருந்ததில்லை. இறங்கும்போது, உச்சக்குரல் பாடும் சொப்ரானோ வரிசையின் தலைவியும் சொந்த நாத்தனாருமான புண்ணியவதி எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்: “ஏன் அண்ணி, பல் டாக்டர் பல்லுலயே ஓட்டையா?” தேவாலயத்தில் அப்படி ஒரு சிரிப்பு எழுந்து வெகுகாலம் ஆகியிருந்தது. இன்று காலை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, யார் வீட்டுக் குழந்தையோ, “குக்கர் ஆன்ட்டி, வணக்கம்” என்று மிகுந்த மரியாதையோடு சொன்னது. அதுதான் அவள் பெயர் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

இப்போது அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி, பின்கதவில், பல்லில்லாமல்.

“உக்காருங்க” என்றாள் கடைசியில். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்தார். கோட்டுப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றை எடுத்துத் திறந்தார். உள்ளே இரண்டு துண்டாக உடைந்த ரோஜா நிறத் தகடு. அதில் மேல்வரிசையின் முன்பற்கள் நான்கும், யாரோ கடித்துவிட்டுப் போட்டதுபோல் இளித்துக்கொண்டிருந்தன. உடைந்த விளிம்பு முழுக்க மஞ்சளாக ஏதோ பிசுபிசுத்தது.

“இத எதால ஒட்டினீங்க?”

“தூ பதை.”

“ஷூ பசையா?”

தலையாட்டினார். இவ்வளவு நாளும் அவருடைய சொந்தப் பல் என்று ஊரே நம்பிய பல் அது. ஆராதனைக்கு முதல் மணி அடிக்க அதிக நேரம் இல்லை. தெருக்கோடியில் தேவாலய வாசலைப் பெருக்கி, நாற்காலிகளைத் துடைக்கும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது.

அவள் பசையைச் சுரண்டி எடுத்தாள். துண்டுகளைப் பொருத்திப் பார்த்தாள். மெழுகால் தற்காலிகமாக இணைத்து, வாயில் வைத்துச் சரிபார்த்தாள். எல்லாம் கை தானாகச் செய்தது. பேச்சு சரியாக வருகிறதா என்று எல்லா நோயாளிகளிடமும் கேட்பதுபோலவே கேட்டாள்.

“ஸ்தோத்திரம் சொல்லுங்க.”

“ஸ்தோத்திரம்.”

விசில்.

சின்ன அறை. வெள்ளை ஓடு பதித்த சுவர். சத்தம் நான்கு பக்கமும் முட்டித் திரும்பி வந்தது. கெட்டில் கொதித்தது.

அவள் கையிலிருந்த கண்ணாடி அப்படியே நின்றது. மாஸ்டர் திடுக்கிடவில்லை. அதுதான் அவளைத் திடுக்கிட வைத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“உங்களுக்குத் தெரியும்” என்றாள்.

“வெள்ளிக்கிழமை தெரியாது. சத்தியமா தெரியாது.” பல் இருந்ததால் எழுத்துகள் திரும்ப வந்திருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊதலோடு. “நேத்து காலையில குளியலறையில பாடினேன். விசில் வந்துது. அங்க நீங்க இல்ல.”

“நல்ல வேளை.”

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

“நேத்தே தெரிஞ்சவரு, இன்னிக்கிக் காலையில ஏன் சொல்லல? மைக் உங்க கையிலதானே இருந்துது?”

“சரிபண்ணிட்டு அப்புறம் சொல்லலாம்னு… ஆராதனை முடிஞ்சு வீட்டுக்குப் போய் சமையல் கத்தியால கொஞ்சம் சுரண்டிப் பாத்தேன். உடைஞ்சிடுச்சு.”

“உடையாம சரியாயிருந்தா சொல்லியிருப்பீங்களா?”

மாஸ்டர் மேலே எரிந்த விளக்கையே பார்த்தார். அந்த விளக்கின் கீழே பெரிய பெரிய மனிதர்கள் படுத்திருக்கிறார்கள். பொய் சொல்ல நினைத்தாலும் வாய் ஒத்துழைக்காத இடம் அது. கைக்குட்டையை நான்காக மடித்தார். பதில் போதுமானதாக இருந்தது.

“ஒட்டி மட்டும் குடுங்க” என்றார். “அது போதும். வேற எதுவும் கேக்க எனக்கு முகமில்ல.”

தகட்டை வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றாள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்க அவள் நியாயம் கேட்டு ஜெபித்திருந்தாள். நியாயம் இதோ, அவள் உள்ளங்கையில், எச்சிலோடு. ஆண்டவர் இவ்வளவு சீக்கிரம் பதில் கொடுப்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. இவ்வளவு துல்லியமாகவும்.

கேட்டதைச் செய்தால் போதும். ஒட்டிக் கொடுக்கலாம். பழுதில்லாத, நேர்மையான ஒட்டு. மாலையில் மாஸ்டர் வாயைத் திறப்பார். பேராயர் முன்னால், சபை முழுவதுக்கும் கேட்கும்படி, சுடரும் சுகமும் செல்வமும் சுனையும் வரிசையாக ஊதும். அவள் கீழே பெஞ்சில் வாயை மூடி உட்கார்ந்திருப்பாள். அவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். விரலைக்கூட அசைக்க வேண்டாம். குக்கர் யார் என்று ஊரே தெரிந்துகொள்ளும்.

விசிலையும் நிறுத்திக் கொடுத்தால்? அவள் மேடையைவிட்டு இறங்கிய பிறகு வரும் முதல் பாட்டு இது. விசில் நின்றுவிட்டிருக்கும். ‘பாத்தியா, அவ போனா, சத்தம் போச்சு’ என்பார்கள். ஒரு வாரத்துக் கேலி, ஆயுசுக்கும் தீர்ப்பாகிவிடும். அந்த இடத்தில் அவள் இனி நிற்கவே முடியாது. அவள் கையாலேயே, அவள் செலவிலேயே, அவள் மேலேயே முத்திரை குத்தியதாக ஆகும்.

ஒருவன் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டச் சொல்லிப் பல பிரசங்கம் கேட்டிருக்கிறாள். அறைந்தவனின் கன்னத்தை நாமே விலக்கிப் பிடித்துக்கொண்டு, கையில் கருவியோடு நிற்கும்போது என்ன செய்வது என்று எந்தப் போதகரும் சொன்னதில்லை.

“வாய் கொப்பளிங்க. மேலண்ணத்தைப் பாக்கணும்” என்றாள். நேரம் கடத்தத்தான்.

பார்த்தாள். மேலண்ணம் முழுக்க ரத்தச் சிவப்பு. தகட்டின் வடிவம் அச்சு எடுத்ததுபோல அப்படியே பதிந்திருந்தது. ஓரங்களில் புண். ஒரு புண் பழையது, அதன்மேல் இன்னொன்று புதியது. இந்த வாயை வைத்துக்கொண்டு வெறும் கஞ்சி குடிப்பதே கஷ்டம். இவர் மணிக்கணக்கில் பாடியிருக்கிறார். மற்றவர்களைத் திட்ட வேறு செய்திருக்கிறார்.

“ராத்திரி கழட்டறதே இல்லையா?”

“அவளுக்குத் தெரியாது.”

“யாருக்கு?”

“வீட்டுல. பாட்டுப் பயிற்சி முகாம்னு சொல்லிட்டு வெளியூர் போய்த்தான் பல்லைப் பிடுங்கிக் கட்டிக்கிட்டு வந்தேன். அவ முழிச்சிருக்கும்போது ஒரு தடவகூடக் கழட்டினதில்ல.”

“இதுல என்ன மாஸ்டர் ரகசியம்? பல்லு எல்லாருக்கும்தான் போகும்.”

“எல்லாருக்கும் பல்லுதான் போகும். எனக்கு இடமும் போயிடும்.” வாயில் பல் இல்லாததால் அவர் சொன்னது பாதி எழுத்துகளோடு வந்தது. ஆனால் இந்த முறை அவளுக்கு ஒரு சொல்கூடத் தவறவில்லை. “கெழவனுக்குப் பல்லு போச்சு, குரல் போச்சு, குச்சிய இளசுங்ககிட்ட குடுன்னு சொல்லிடுவாங்க. உங்க நாத்தனார் ஏற்கெனவே கண்ணாடி முன்னால கைய வீசிப் பழகறதாக் கேள்வி. அந்த மேடையிலேருந்து இறங்கிட்டா நான் யாரு தாக்தர்? என்னக் கூப்பிட ஊருல வேற பேரு இருக்கா?”

‘எனக்கு இருக்கிறது, குக்கர்’ என்று நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. அவள் சொல்லவில்லை. மேடையிலிருந்து இறங்கினால் எப்படி இருக்கும் என்பது அந்த அறையில் இருந்த இருவரில் ஒருவருக்கு இரண்டு நாளாகத் தெரியும். மற்றவர் அதற்குப் பயந்து பல மாதமாகப் புண்ணோடு தூங்கியிருக்கிறார்.

அவளுக்குப் பரிசுத்தமான உணர்வு ஒன்றும் வந்துவிடவில்லை. வயிறு எரிந்துகொண்டேதான் இருந்தது. எரிகிற வயிற்றோடு கையை நடுங்காமல் வைத்துக்கொள்வது எப்படி என்பது மட்டும் தொழிலில் பழகியிருந்தது.

மெழுகுத் துண்டு ஒன்றை ஸ்பிரிட் விளக்கில் காட்டி இளக்கி, தகட்டில் முன்பற்களுக்குப் பின்புறம் பூசினாள். வாயில் வைத்தாள்.

“ஸ்தோத்திரம்.”

விசில், கொஞ்சம் தாழ்வாக.

மெழுகைச் சுரண்டினாள். இன்னோர் இடத்தில் ஏற்றினாள்.

“ஸ்தோத்திரம்.”

மாஸ்டருக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்தார். “என்ன பண்றீங்க? ஒட்டத்தானே சொன்னேன்?”

“வாய மூடுங்க. இல்ல, திறங்க.”

“இது நின்னுடுச்சுன்னா உங்களத்தானே எல்லாரும்…”

“தெரியும்.”

“அப்புறம் ஏன்?”

“நான் கைவெச்ச பல்லு விசிலடிச்சா எனக்குத்தான் கேவலம்.”

அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. முழு உண்மையைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைச் சொன்னால் பிரசங்கம்போல் இருக்கும். அந்த ஊரில் பிரசங்கத்துக்கு ஒன்றும் பஞ்சமில்லை.

ஊதல் நிற்கும் இடம் பிடிபட்டதும், மெழுகு இருந்த இடங்களிலெல்லாம் பல்தகட்டுப் பிசினை நிரப்பினாள். அது சீக்கிரம் இறுக வேண்டுமென்றால் வெந்நீரும் அழுத்தமும் வேண்டும். அதற்கென்று அவள் வைத்திருந்தது ஒரு பழைய சின்னக் குக்கர். அலமாரியிலிருந்து அவள் அதை எடுத்தபோது மாஸ்டர் பார்த்தார். உடனே தலையைத் திருப்பிச் சுவரில் மாட்டியிருந்த பல் துலக்கும் முறையை ஊன்றிப் படிக்க ஆரம்பித்தார்.

“பயப்படாதீங்க, விசில் போட மாட்டேன்” என்றாள்.

அவர் காது மடல் சிவந்தது. அவளுக்கு அது கொஞ்சம் இதமாகவும் இருந்தது. அதை மறுப்பானேன்?

முதல் மணி அடித்தபோது குக்கரைத் திறந்தாள். தேய்த்து, மெருகேற்றி, சூடு முழுக்க ஆறுமுன்பே கொடுத்தாள். மாஸ்டர் மாட்டிக்கொண்டு ஒரே ஒரு முறை, கிசுகிசுப்பாக, “ஸ்தோத்திரம்” என்றார். ஊதல் இல்லை. ஆனால் கிசுகிசுப்பு வேறு, உச்சஸ்தாயி வேறு. அது இருவருக்குமே தெரியும். பாடிப் பார்க்க நேரமில்லை.

“இன்னியிலேருந்து ராத்திரி கழட்டித் தண்ணியில போட்டு வைங்க. மருந்து தரேன், புண்ணுல தடவுங்க. வீட்டுல சொல்லிடுங்க. உங்க பல்லைப் பாத்து யாரும் கட்டிக்கல.”

பின்கதவு வரை போனவர் திரும்பினார். ஏதோ சொல்ல வந்தார். இரண்டாம் மணி அடித்தது. ஓடினார். கோட்டின் வால் பறக்க மாஸ்டர் ஓடி யாரும் பார்த்ததில்லை. பார்க்க அவள் ஒருத்திதான் இருந்தாள். அதையும் அவள் யாரிடமும் சொல்ல முடியாது.

மாலை ஆராதனைக்குப் போக வேண்டாம் என்று மதியம் எடுத்த முடிவை மாற்றிக்கொண்டு, புடவை மாற்றிப் புறப்பட்டாள். செய்த வேலை எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டாமா?

தேவாலயம் நிரம்பி வழிந்தது. பேராயர் நடுநாயகமாக வீற்றிருந்தார். அவள் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்ததும் பின்னால் யாரோ, “ஸ்ஸ்ஸ்” என்று மெல்ல ஊத, இரண்டு பேர் கனைத்தார்கள். மேடையில் ஆல்டோ வரிசையில் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி. அதை மறைக்க அங்கே ஒரு பூச்சாடியை வைத்திருந்தார்கள்.

ஆர்கன் தொடங்கியது. முன்னிசை முடிந்தது. மாஸ்டர் பாட வேண்டிய இடம். பாடவில்லை.

அவர் கண்கள் பெஞ்சு பெஞ்சாகத் தேடி மூன்றாவதில் வந்து நின்றன. அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகம். அவள் இடத்தில் அவர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ, அதை அவள் செய்திருப்பாளோ என்ற பயம். ஆர்கன் வாசிப்பவர் விழித்துக்கொண்டு முன்னிசையை இன்னொரு சுற்று சுற்றினார். சொப்ரானோ வரிசையில் நாத்தனார் ஒரு கால் முன்னே வைத்தாள். மாஸ்டர் தவறினால் எடுத்துக்கொள்ளத் தயாராக.

இப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். அந்த மனிதர் வாயே திறக்க மாட்டார்.

அவள் தலையை ஆட்டினாள். ‘பாடுங்க.’

பாடினார். அந்த முதல் எழுத்துக்கு முன்னால், மூச்சிழுக்கும் இடைவெளியில், டாக்டர் கண்ணை மூடி ஜெபித்தாள். எத்தனையோ பேருக்காக ஜெபித்திருக்கிறாள். ஒரு மனிதனின் பல்செட்டுக்காக ஜெபித்தது அதுவே முதல் தடவை.

‘சுடரே.’ சுத்தம். ‘சுகமே.’ சுத்தம். சொல்லரும் செல்வம் கண்ணாடிபோல் வந்தது. சோர்ந்தோர் சுனையில் குரல் உச்சிக்குப் போனபோது அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்த கை வலித்தது. ஊதல் இல்லை. ஒரு பொட்டுகூட இல்லை.

சபை மொத்தமும் பெருமூச்சு விட்டது. பக்கத்திலிருந்த அம்மாள் குனிந்து, பரிவோடு அவள் முழங்கையைத் தட்டினாள். “வருத்தப்படாதம்மா. நீ விட்டுக்குடுத்தது நல்லதாப் போச்சு பாரு.”

“ஆமாம்மா” என்றாள் டாக்டர். எதிர்பார்த்த அடிதான். எதிர்பார்த்தால் வலிக்காது என்று சொன்னவன் ஊசி போட்டுக்கொள்ளாதவனாக இருக்க வேண்டும்.

வாசலில் பேராயர் எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார். மாஸ்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்தார். “ஒவ்வொரு எழுத்தும் மணி அடிச்ச மாதிரி இருந்துது!”

“நடுவுல ஒரு சின்னச் சத்தம் வந்துகிட்டிருந்துது ஐயா” என்று நாத்தனார் முந்திக்கொண்டாள், கூட்டத்தில் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்த அண்ணியைக் கடைக்கண்ணால் பிடித்தபடி. “மாஸ்டர் வெள்ளிக்கிழமையே சரிபண்ணிட்டாரு.”

சுற்றிலும் சிரிப்பு. மாஸ்டரின் மனைவியும் பெருமையோடு சிரித்தாள். மாஸ்டர் சிரிக்கவில்லை. நெற்றி வேர்த்தது.

“வெள்ளிக்கிழமை இல்ல” என்றார். “இன்னிக்கி. டாக்டர்தான் சரிபண்ணினாங்க.”

கூட்டத்தினர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு முன்னிலும் பெரிய சிரிப்பு. “ஆமாமா, மேடை ஏறாமயே!” என்றது ஒரு குரல். மாஸ்டர் நகைச்சுவையாகப் பேசுவார் என்று யாருக்கும் தெரியாதாம். ஆளாளுக்கு அவர் முதுகைத் தட்டினார்கள். ஆயுளில் ஒரே ஒரு முறை உண்மை பேசியவருக்கு, அது ஜோக்காகப் போய்விட்டது.

அப்படியே விட்டுவிடலாம். விட்டுவிடுவார் என்றுதான் டாக்டரும் நினைத்தாள். நடந்தாள்.

“டாக்டர்!” மேடைக் குரல். கூட்டம் திரும்பியது. மாஸ்டர் அவளைப் பார்க்காமல், அவள் தலைக்கு மேலே எங்கோ பார்த்தபடி, வழக்கமான அதிகாரத்தோடு சொன்னார்: “வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு ஒத்திகை. உங்க இடத்துல பூச்சாடிய வெச்சிருக்காங்க. அது பாடாது. நீங்க வந்து நில்லுங்க.”

சிரிப்பு நின்றது.

“விசில் வருமே மாஸ்டர்?” என்றாள் நாத்தனார்.

“வராது.”

“எப்படி அவ்வளவு நிச்சயமா…”

“வராதுன்னா வராது.”

“அதான், எப்படின்னு…”

மாஸ்டரின் கை வாய்க்கருகே போனது. மனைவி அவரையே உற்றுப் பார்த்தாள். இன்னும் ஒரே ஒரு கேள்வி. பல் அங்கேயே, பேராயர் முன்னிலையில், எல்லார் எதிரிலும் கழன்றுவிடும். கழற்றத்தான் போகிறார் என்று டாக்டருக்குத் தோன்றியது. மனைவிக்குச் சொல்ல வேண்டிய இடம் இதுவல்ல.

“ஆறு மணியெல்லாம் எனக்கு ஆகாது” என்றாள் டாக்டர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து. “கிளினிக் மூட நேரமாகும். ஏழுக்கு வைங்க.”

பேராயருக்காகக்கூட ஒத்திகை நேரத்தை மாற்றாத மனிதர் அவர். சபைக்கே அது தெரியும்.

“ஏழு” என்றார் மாஸ்டர்.

நாத்தனாரின் வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது. மாலை வெயில் நேராக உள்ளே விழுந்தது. டாக்டர், பழக்கதோஷத்தால், உற்றுப் பார்த்தாள். கீழ்வரிசையில் கடைசிப் பல், உள்பக்கம், நன்றாகச் சொத்தை விழுந்திருந்தது.

“ராத்திரியில வலிக்குமே இது? யார்கிட்டயும் சொல்லலையா?” என்றாள். நாத்தனார் சட்டென்று வாயை மூடிக்கொண்டு கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். “நாளைக்குக் காலையில வா. முன்கதவாலயே வா.”